லூட் மழையாகக் கொட்டுகிறது, எதுவும் மனதில் நிற்கவில்லை: ஆர்.பி.ஜி.யில் ஆயுத, கவச முன்னேற்றத்தை எப்படி அமைப்பது?

கரிக்கோல்:

வணக்கம் நண்பர்களே. ஒருவர் தனியாக ஆடும் ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. (கதாபாத்திரத்தை வளர்த்து ஆடும் வீடியோ கேம்) ஒன்றின் லூட் (எதிரியிடமிருந்தும் பெட்டியிலிருந்தும் கிடைக்கும் பொருள்) அமைப்பில் ஆலோசனை வேண்டும். எண்களை முழுதாகத் தருகிறேன். பொத்தாம்பொதுவாகப் பேசினால் இந்த விஷயத்தில் எங்கும் போய்ச் சேர முடியாது.

முதன்மைக் கதை சுமார் 30 மணி நேரம். லெவல் 1 முதல் 40 வரை, ஆறு பகுதிகள். அணிய 8 இடங்கள்: ஆயுதம், இடக்கை, தலை, மார்பு, கை, கால், கழுத்து, விரல். மணிக்கு 250 எதிரிகள் வரை வீழ்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் 30% வாய்ப்பில் ஒரு ஐட்டம் விழும், அதாவது மணிக்கு 75. தரம் நான்கு: சாதாரணம், மேஜிக், ரேர், லெஜண்டரி. விழும் வாய்ப்பின் எடை (ஆயிரத்தில் எத்தனை) முறையே 700, 220, 70, 10. ஆயுதத்தின் டேமேஜ் (ஒரு அடியின் சேதம்) லெவலுக்கு 15% ஏறுகிறது, எதிரியின் ஹெச்.பி.யும் (உயிர்ப்புள்ளி) அதே வேகத்தில் ஏறுகிறது. லெஜண்டரி என்றால் அதே லெவல் சாதாரண ஆயுதத்தைவிட 40% பலம்.

கோளாறு என்னவென்றால், எந்தப் பொருளும் பத்து நிமிடத்துக்கு மேல் உடலில் தங்குவதில்லை. பச்சை அம்பு காட்டினால் மாட்டுகிறார்கள், சிவப்பு காட்டினால் விற்கிறார்கள். பெயரைக்கூட யாரும் படிப்பதில்லை. 12-ஆம் லெவலில் கிடைத்த லெஜண்டரி வாள், 15-ஆம் லெவலில் வழியில் கிடக்கும் சாதாரணக் கத்தியிடம் தோற்றுவிடுகிறது. 40 இடம் உள்ள பை அரை மணி நேரத்தில் நிரம்புகிறது. நான்காம் பகுதி பாஸிடம் (அந்தப் பகுதியின் பெரிய எதிரி) மட்டும் கிடைக்கும் ஒரு கோடரிக்கு 2% வாய்ப்பு. அந்த பாஸை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனாலும் பலருக்குக் கோடரி கிடைப்பதே இல்லை.

எங்கிருந்து கை வைப்பது? பொருளைக் கையால் வைப்பதா, ரேண்டமாக விடுவதா? ஆயுதம் தேய்ந்து உடையும் முறையைச் சேர்த்தால் இதில் ஏதாவது சரியாகுமா?

ஊசிமுனை:

டிராப் வாய்ப்பிலிருந்து (எதிரியிடமிருந்து பொருள் விழும் வாய்ப்பு) தொடங்காதீர்கள். அது கடைசியில் வர வேண்டிய எண். முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்த 30 மணி நேரத்தில் ஆட்டக்காரர் எத்தனை முறை நின்று, யோசித்து, ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டும்?

எட்டு இடத்துக்கும் சராசரியாக ஆறு மாற்றம் என்று வையுங்கள். 48 வருகிறது, 50 என்றே எடுத்துக்கொள்வோம். 36 நிமிடத்துக்கு ஒரு மாற்றம். இதைச் சமமாகப் பரப்ப வேண்டாம். தொடக்கத்தில் எட்டு இடமும் காலியாக இருப்பதால் முதல் மூன்று மணி நேரத்திலேயே 12, 15 மாற்றம் தானாக நடந்துவிடும். அது நல்லதுதான். கடைசிப் பத்து மணி நேரத்தில் பத்து மாற்றம் போதும், ஆனால் அந்தப் பத்தும் கனமாக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் எண்ணைப் பாருங்கள். மணிக்கு 75 என்றால் 30 மணி நேரத்தில் 2,250 ஐட்டம். மாட்ட வேண்டியது 50. ஒன்றை மாட்ட 45 ஐட்டத்தைப் புரட்ட வேண்டும். அந்த நிலையில் யாரும் பெயரைப் படிக்கமாட்டார்கள். அம்பை மட்டும் பார்ப்பதுதான் அவர்களுக்குப் புத்திசாலித்தனம். டிராப்பை 30%-இலிருந்து 4%-க்கு இறக்குங்கள். மணிக்கு 10, மொத்தம் 300, ஒரு மாற்றத்துக்கு ஆறு. ஆறு பொருளை ஒரு மனிதர் நிதானமாக ஒப்பிட முடியும். எதிரி வெறுங்கையோடு சாவது போலத் தெரியக் கூடாது என்றால் மீதிக்குக் காசு, மூலப்பொருள், மருந்து விழட்டும்.

டிராப்பைக் குறைத்துவிட்டு எடையை அப்படியே விட்டால் இன்னொரு சிக்கல் வரும். 2,250-இல் 1% என்பது 22 லெஜண்டரி. 300-இல் 1% என்பது மூன்றே மூன்று. ஆகவே தர எடையையும் கூடவே திருப்பி எழுத வேண்டும். அட்டவணையை ஒரே நீளப் பட்டியலாக வைக்காமல் அடுக்காக வையுங்கள்: முதலில் எந்த இடம், பிறகு என்ன தரம், பிறகு எந்த வகை, கடைசியில் அஃபிக்ஸ் (பொருளோடு ஒட்டிவரும் கூடுதல் பண்பு). ஒரே பட்டியலாக இருந்தால், அடுத்த அப்டேட்டில் 20 புதிய வாள் சேர்த்ததும் மோதிரம் விழும் வாய்ப்பு யாரும் தொடாமலே சரிந்துவிடும். எவ்வளவு தேடினாலும் காரணம் எளிதில் பிடிபடாத பிழை இது.

அடுத்தது வளர்ச்சி விகிதம். உங்கள் லெஜண்டரி ஏன் சாகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. லெவலுக்கு 15% என்றால் ஐந்து லெவலில் டேமேஜ் இரட்டிப்பு; 1-இலிருந்து 40-க்குள் சுமார் 233 மடங்கு. 40% கூடுதல் பலம் என்பது அந்த வேகத்தில் 2.4 லெவலுக்குச் சமம். 12-இல் கிடைத்தது 15-இல் தோற்காமல் என்ன செய்யும்? விகிதத்தை 5% ஆக்கினால் மொத்த வளர்ச்சி 6.7 மடங்கு, அதே 40% ஏறக்குறைய ஏழு லெவல் தாங்கும். பொருள் எத்தனை லெவல் நிலைக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். பலம், விகிதம் இரண்டையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

எண்கள் ஊதிப்போவது பெரிய ஸ்டுடியோக்களையும் விட்டுவைக்கவில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் 2014-இல் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனோர் விரிவாக்கத்தை ஒட்டி எல்லா ஸ்டாட்டையும் (பலத்தைக் குறிக்கும் எண்கள்) ஹெச்.பி.யையும் மொத்தமாகச் சுருக்க வேண்டிவந்தது. எதிர்முனையில் மேஜையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பு (2014) இருக்கிறது: மந்திர ஆயுதத்தின் கூட்டல் +1 முதல் +3 வரைதான், அட்டியூன் செய்ய (தன்னோடு பிணைத்துக்கொள்ள) வேண்டிய பொருள் ஒருவருக்கு மூன்றுதான். அங்கே +1 கிடைத்தாலே மேஜையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடைசியாக, பலம் கூடியது கைக்குத் தெரிய வேண்டும். எதிரிக்கு 300 ஹெச்.பி. உங்கள் வாள் 100 அடிக்கிறது, மூன்று வெட்டு. 149 அடிக்கும் வாள் கிடைக்கிறது. இரண்டு வெட்டில் 298, இன்னும் 2 பாக்கி, ஆகவே அப்போதும் மூன்று வெட்டுதான். 49% முன்னேற்றம், விரலுக்கு ஒன்றுமே தெரியாது. 150 அடிக்கும் வாள் வந்தால் இரண்டே வெட்டு. அந்த ஒரு புள்ளியில்தான் ஆட்டம் மாறுகிறது. டயாப்ளோ 2 என்ற ஆட்டத்தில் வேக ஸ்டாட்டுகள் இப்படித்தான் படிப்படியாக வேலை செய்தன: ஆட்டம் நொடிக்கு 25 ஃபிரேமில் (படச்சட்டம்) ஓடியதால், சோர்சரஸ் என்ற மந்திரக்காரியின் மந்திர வேகம் 63%-இலும் 105%-இலும் தாவும்; நடுவில் சேர்ப்பது எல்லாம் வீண். அது தெரிந்தவர்கள் ஒரு மோதிரத்துக்காக வாரக்கணக்கில் அலைந்தார்கள், தெரியாதவர்களுக்கு ஏன் எதுவும் மாறவில்லை என்றே புரியவில்லை. உங்கள் ஆட்டத்தில் இந்தப் படிகளைத் திரையில் காட்டிவிடுங்கள்.

நிழல்வாள்:

ஊசிமுனை சொன்ன வெட்டு எண்ணிக்கை கணக்கு சரியான இடத்துல தொடுது. ஆனா லெவலுக்கு 5%ன்னு சீரா ஏத்துறதுல எனக்கு உடன்பாடு இல்லை. 5%ங்கிறது எந்த லெவல்லயும் யாருக்கும் உறைக்காது. 15%ல பொருள் சாகுது, 5%ல லெவல் சாகுது. உங்ககிட்ட ஆறு பகுதி இருக்கு இல்லையா? வளர்ச்சியைப் பகுதிக்குப் பகுதி படியா வைங்க. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததுக்கு 1.5 மடங்கு. அஞ்சு படி, மொத்தம் 7.6 மடங்கு. ஊசிமுனை கணக்குல வர்றதுக்குக் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனா 100 அடிச்ச வாள் 150 அடிக்கும்போது மூணு வெட்டு ரெண்டாகுது, பழைய பகுதிக்குத் திரும்பிப் போனா அது அப்பட்டமாத் தெரியும். ஒரே பகுதிக்குள்ள கிடைக்கிற ஆயுதம் எல்லாம் ஏறக்குறைய ஒரே பலம். வித்தியாசம் குணத்துல மட்டும். ஈட்டி நீளமா எட்டும், கோடரி கேடயத்தை உடைக்கும், குறுவாள் முதுகுல குத்தினா மூணு மடங்கு. அப்போ பச்சை அம்புக்கே வேலை இல்லை.

கையால வைக்கிறதா ரேண்டமான்னு கேட்டீங்க. ஆடுற விதத்தையே மாத்துற பொருளைக் கையால வைங்க. எண்ணை மட்டும் மாத்துறதை ரேண்டமா விடுங்க. லெஜண்டரியை டிராப் அட்டவணையிலிருந்தே எடுத்துடுங்க. முப்பது மணி நேரத்துக்கு 12 லெஜண்டரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம், ஒரு காவல், ஒரு குறிப்பு. “40% அதிக டேமேஜ்”னு ஒரு லெஜண்டரிகூட இருக்கக் கூடாது. எய்த அம்பு திரும்பி வரும்போதும் வெட்டுற வில். தடுத்த அடியையெல்லாம் சேர்த்துவெச்சு ஒரே தள்ளுல திருப்பிக் கொடுக்கிற கேடயம். உருண்டு விலகினா பின்னால தீத்தடம் விடுற காலணி. இந்த மாதிரிப் பொருள் லெவல் ஏறினாலும் சாகாது, ஏன்னா அது செய்யற வேலையை வேற எதுவும் செய்யாது.

அடிப்படை பலம் மட்டும் பின்தங்காம இருக்க மேம்பாட்டுக் கல் (ஆயுதத்தோட பலத்தை ஏத்துற பொருள்) வைங்க. டார்க் சோல்ஸ் (2011) இதுக்கு இன்னிக்கும் நல்ல பாடம். முதல் ஒரு மணி நேரத்துல கிடைச்ச வாளையே +15 வரை ஏத்தி, கடைசி பாஸ் வரைக்கும் கொண்டுபோகலாம். எல்டன் ரிங்ல (2022) சாதாரண ஆயுதம் +25, சிறப்பு ஆயுதம் +10. கவனிங்க, அங்க முன்னேற்றத்தைக் கட்டுப்படுத்துறது வாள் இல்லை, கல். எந்த வகைக் கல் எந்தப் பகுதியில கிடைக்கும்ங்கிறதை டிசைனர் கையில வெச்சிருக்கார். ஆட்டக்காரர் எந்த ஆயுதத்தை விரும்பினாலும் பேலன்ஸ் கெடாது.

எதிரியையும் பொருளையும் ஆட்டக்காரர் லெவலுக்கே எப்பவும் பொருத்துற யோசனை இருந்தா கைவிடுங்க. ஆப்லிவியன்ல (2006) லெவல் ஏற ஏற, வழிப்பறிக்காரன்கூட விலை உயர்ந்த கண்ணாடிக் கவசத்தோட வந்து நிப்பான். அவன் போட்டிருக்கிற சட்டையை வித்தாலே வாழ்நாள் முழுக்க உக்காந்து சாப்பிடலாம், அவன் வழியில நின்னு சில்லறை கேக்குறான். அதைப் பார்த்த நிமிஷம் அந்தக் கவசத்தோட மதிப்பு போச்சு. பகுதிக்கு ஒரு குறைந்தபட்சம், ஒரு அதிகபட்சம் வெச்சா போதும்.

ஸ்கைரிம்ல (2011) இன்னொரு விதமான ஓட்டை. சில தனி ஆயுதங்களோட பலம், அது கைக்கு வந்தப்போ நீங்க எந்த லெவல்ல இருந்தீங்களோ அதுலயே உறைஞ்சுபோகும். விவரம் தெரிஞ்சவங்க என்ன செய்வாங்க? பிடிச்ச குவெஸ்ட்டை (ஆட்டம் கொடுக்கிற பணி) லெவல் 40, 46 ஆகட்டும்னு தள்ளிப்போடுவாங்க. ஆசையா ஆட வேண்டியதை ஆடாம இருக்கிறவருக்குப் பரிசு. இந்தத் தப்பைச் செய்யாதீங்க.

கையால வைக்கும்போது ஒளிச்சு வைக்கிறதுக்கும் ஏமாத்துறதுக்கும் உள்ள எல்லையையும் பார்த்துக்கோங்க. ஃபைனல் ஃபேண்டஸி 12-ஓட முதல் பதிப்புல (2006) ஸோடியாக் ஸ்பியர்ங்கிற ஈட்டி உறுதியாக் கிடைக்கணும்னா, ஆட்டத்துல வேற வேற இடத்துல இருக்கிற நாலு பெட்டியைத் திறக்காம இருக்கணும். பெட்டியைப் பார்த்தா திறக்கணும்னு அத்தனை மணி நேரம் பழக்கிவிட்டது அதே ஆட்டம்தான். ஆட்டத்துக்குள்ள இருக்கிற தகவலை வெச்சு ஒருத்தர் கண்டுபிடிக்க முடியணும். இல்லைன்னா அது ரகசியம் இல்லை, பொறி.

ஊசிமுனை:

படி வைத்த வளர்ச்சி என் கணக்கைவிட மேல். பகுதி தெளிவாகப் பிரிந்த ஆட்டத்தில் அதையே செய்யுங்கள். சுற்றித் திரியும் திறந்த உலகமாக இருந்தால் மட்டும் சீரான ஏற்றம் தேவைப்படும்.

அந்தக் கோடரி பற்றி. 2% என்றால் 50 முறை அடித்தால் கிடைத்துவிடும் என்று மனம் நினைக்கும். 50 முறைக்குப் பிறகும் கிடைக்காதவர்கள் 36%. நூறு முறைக்குப் பிறகும் 13%. இது துரதிர்ஷ்டம் அல்ல, நீங்கள் எழுதிய கணக்கு சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கதைக்குக் கட்டாயமான பாஸ் என்றால் முதல் வெற்றியிலேயே கோடரியைக் கொடுத்துவிடுங்கள். மறுபடி அடிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் ஏறும் வாய்ப்பை வையுங்கள்: முதல் முறை 5%, தவறும் ஒவ்வொரு முறைக்கும் 5% கூடும், கிடைத்ததும் பழையபடி 5%. இதன் சராசரி 5.3 முறை. அதே சராசரி வேண்டுமென்றால் நிலையான வாய்ப்பு 19% ஆக இருக்க வேண்டும். ஆனால் வாலை, அதாவது தொடர்ந்து தவறுபவர்களைப் பாருங்கள். நிலையான 19%-இல், பத்து முறைக்குப் பிறகும் வெறுங்கையோடு நிற்பவர்கள் 12%. ஏறும் முறையில் 3.3%. பதினைந்து முறைக்குப் பிறகு நிலையானதில் 4%. ஏறும் முறையில் பத்தாயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. சராசரி ஒன்றுதான், ஆட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை ஒன்றல்ல.

இதை எழுதும்போது தவறு நடக்கும் இடங்கள் உண்டு. எண்ணும் கவுண்டர் அந்த பாஸ் செத்தால் மட்டும் ஏற வேண்டும். எந்த எதிரி செத்தாலும் ஏறும்படி விட்டால், ஆட்டக்காரர்கள் முதல் பகுதி எலியைக் கொன்று கவுண்டரை ஏற்றிக்கொண்டு பாஸிடம் வருவார்கள். கவுண்டரை சேவ் ஃபைலில் எழுதுங்கள். நினைவகத்தில் மட்டும் இருந்தால் ஆட்டத்தை மூடித் திறந்ததும் பூஜ்யம். பகடையைப் பெட்டி திறக்கும் நொடியில் உருட்டாதீர்கள், பகுதிக்குள் நுழையும்போதே உருட்டி விதையை (பகடையின் முடிவைத் தீர்மானிக்கும் எண்) சேமியுங்கள். இல்லையென்றால் பெட்டிக்கு முன்னால் சேவ் செய்து, பிடித்தது வரும்வரை லோடு செய்வதே ஆட்டமாகிவிடும்.

செட் கவசம் (பல துண்டு சேர்ந்து ஒரு தொகுப்பாகும் கவசம்) சேர்க்கும் எண்ணம் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு துண்டும் சம வாய்ப்பில் விழுந்தால், முழு செட்டுக்குச் சராசரியாக 14.7 டிராப் வேண்டும். கடைசி ஒரு துண்டுக்கு மட்டும் சராசரி ஆறு, அதில் ஐந்து ஏற்கெனவே இருப்பவை. பைக்குள் ஆறு சீட்டைப் போட்டு, எடுத்ததைத் திரும்பப் போடாமல் எடுப்பதுபோல எழுதினால் ஆறே டிராப்பில் முடியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு எண் வேண்டுமென்றால் பைக்குள் வெற்றுச் சீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கவசத்தில் இன்னொரு குழி. “20% குறைந்த சேதம்” என்ற அஃபிக்ஸைக் கூட்டலாக வைத்தால் நான்கு பொருளில் 80%, ஐந்தில் 100%: ஆட்டக்காரருக்குச் சாவே இல்லை. அதற்கு முன்பே, 75%-இலிருந்து 80%-க்குப் போவது சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் வாங்கும் அடி 25-இலிருந்து 20 ஆகிறது, ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடுத்தடுத்துப் பெருக்கினால் ஐந்து பொருளிலும் 33% அடி மிஞ்சும், பாதுகாப்பானது. கூட்டலே வேண்டுமென்றால் உச்சவரம்பு கட்டாயம். டயாப்ளோ 2-உம் பாத் ஆஃப் எக்ஸைலும் அடிப்படை ரெசிஸ்டன்ஸை (சேதத்தைத் தாங்கும் சதவீதம்) 75%-இல் நிறுத்துகின்றன.

செப்புக்காசு:

பொருள் எப்படி வருகிறது என்று இருவரும் விளக்கிவிட்டார்கள். எப்படிப் போகிறது என்பதை யாரும் தொடவில்லை. பாதி நோய் அங்கே இருக்கிறது.

நாற்பது இடப் பை, மணிக்கு 75 பொருள்: 32 நிமிடத்துக்கு ஒருமுறை நிரம்பும். 10 ஆகக் குறைத்தால் நான்கு மணி நேரம். பையைப் பெரிதாக்குவது தீர்வல்ல, பிரித்து அடுக்கும் வேலையைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தேவையில்லாததை எடுக்கும் இடத்திலேயே மூலப்பொருளாக உடைக்கும் பொத்தானைக் கொடுங்கள். ஊருக்குச் சுமந்து சென்று, கடைக்காரரைத் தேடி, ஒவ்வொன்றாக விற்பது எந்த முடிவையும் ஆட்டக்காரரிடம் கேட்பதில்லை. கூடவே பூட்டுக் குறியும் தேவை: பூட்டிய பொருளை உடைக்கவோ விற்கவோ முடியாது. அது இல்லாமல் ஒரே அழுத்தில் உடைக்கும் பொத்தானைக் கொடுத்தால், என்றைக்காவது ஒருவரின் 20 மணி நேர வில் தூளாகும்.

உடைத்தால் கிடைப்பதற்கும் மேம்பாட்டுச் செலவுக்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். மணிக்கு 10 பொருளில் 8 உடைந்து, ஒன்றுக்கு 2 துகள் என்றால் மணிக்கு 16. ஆறு பகுதிக்கு +1 முதல் +6 வரை வைத்தால், விலையை 8, 12, 18, 26, 38, 56 என்று ஏற்றலாம். ஒரு ஆயுதத்துக்கு மொத்தம் 158, ஏறக்குறைய பத்து மணி நேர வருமானம். 30 மணி நேரத்தில் மூன்று பொருளை உச்சத்துக்கு ஏற்ற முடியும், எட்டையும் முடியாது. அந்தப் பற்றாக்குறைதான் தேர்வைத் தேர்வாக்குகிறது. விலையை 8, 10, 12 என்று மெல்ல ஏற்றினால் ஒரு ஆயுதத்துக்கு மொத்தம் 78தான், 30 மணி நேரத்தில் ஆறு பொருள் உச்சத்துக்குப் போய்விடும், தேர்வுக்கு மதிப்பே இருக்காது.

நிழல்வாள் சொன்ன கல் முறையில் எப்போதும் வரும் ஒரு நோய் பதுக்கல். ஆறாம் மணி நேரத்தில் கையில் 90 துகள். இருக்கும் வாளில் போடலாம். “அடுத்த பெட்டியில் இதைவிட நல்ல வாள் வந்துவிட்டால்?” என்று நினைத்துப் போடாமல் வைக்கிறார். இருபதாம் மணி நேரத்தில் 300 துகள், வாள் இன்னும் +1, எதிரிகள் கடினமாகிவிட்டார்கள், ஆட்டம் அநியாயமாகக் கடினம் என்று மூடிவிடுகிறார். செலவழித்தது திரும்பாது என்ற பயம்தான் காரணம். வாளை உடைக்கும்போது அதில் போட்ட துகள் முழுதும் திரும்ப வரட்டும். 80% திரும்பினால் போதாதா என்று தோன்றும். போதாது, 20% இழப்பு இருந்தாலும் பதுக்குவார்கள். இன்னொரு வழி, மேம்பாட்டைப் பொருளில் ஏற்றாமல் இடத்தில் ஏற்றுவது: “ஆயுதக் கை +3” என்றால் எந்த ஆயுதத்தை மாட்டினாலும் +3. புதியதை உடனே சோதித்துப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய லாபம். ஒரு குறிப்பிட்ட வாளை வளர்த்த பாசம் கிடைக்காது என்பது நட்டம். உங்கள் லெஜண்டரிகள் பன்னிரண்டும் ஆடும் விதத்தை மாற்றுபவை என்றால் இடத்தில் ஏற்றுவதையே நான் தேர்வேன். மாற்றி மாற்றி ஆடிப் பார்க்காவிட்டால் அவற்றை வடிவமைத்த உழைப்பு வீணாகும்.

கடையில் ஆயுதம் விற்பதில் கவனம். சண்டையைவிடக் கடை நல்ல பொருள் கொடுத்தால் எல்லாரும் கடைக்குத்தான் போவார்கள். டயாப்ளோ 3 (2012) ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பொருளை விற்று வாங்கும் ஏலக்கூடத்தோடு வந்தது. அரக்கனைக் கொன்று பொருள் தேடுவதைவிட ஏலத்தில் வாங்குவது எளிதாக இருந்தது. 2014 மார்ச் 18 அன்று அதை மூடினார்கள். அதற்குச் சில வாரம் முன்பே டிராப்பைக் குறைத்து, ஆடும் கதாபாத்திரத்துக்குப் பொருந்தும் ஸ்டாட்டோடு பொருள் விழும்படி லூட் முறையையே திருப்பி எழுதியிருந்தார்கள். உங்கள் கடையில் இப்போதைய பகுதியின் சாதாரணத் தரம் மட்டும் இருக்கட்டும், ஏதாவது ஒரு இடம் காலியாக மாட்டிக்கொண்டவருக்கு உதவ.

பச்சை அம்பை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒப்பீட்டுத் திரையில் ஒரே வரி: கடைசியாகச் சண்டையிட்ட எதிரி இந்த ஆயுதத்தால் எத்தனை வெட்டில் சாவான், இப்போதைய ஆயுதத்தால் எத்தனை வெட்டு. ஒரு பொருளுக்கு அஃபிக்ஸ் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஆறு அஃபிக்ஸ் என்பது நூற்றுக்கணக்கான மணி நேரம் ஒரே ஆட்டத்தில் கிடப்பவர்களுக்கானது. 30 மணி நேர ஆட்டத்தில் ஆறு வரியை யாரும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது.

உடையும் ஆயுதம் உதவுமா என்றால், உங்களுக்கு உதவாது. பிரெத் ஆஃப் தி வைல்டில் (2017) அது ஓடுவதற்குக் காரணம் உண்டு: அடுத்த ஆயுதம் தோற்ற எதிரியின் கையிலேயே இருக்கிறது, சுமக்கும் இடம் குறைவு, சாதாரண ஆயுதத்தை வளர்க்க முடியாது. அங்கேயும் மாஸ்டர் ஸ்வோர்ட் என்ற சிறப்பு வாள் நிரந்தரமாக உடைவதில்லை. சக்தி தீர்ந்தால் பத்து நிமிடத்தில் மீள்கிறது. இங்கேயோ ஒரு ஆயுதத்தில் துகளைப் போட்டு வளர்க்கச் சொல்கிறோம். வளர்க்கவும் சொல்லி உடைக்கவும் கூடாது. ஊருக்குப் போய்க் காசு கொடுத்துப் பழுது பார்ப்பது மட்டும்தான் என்றால் அது வெறும் வரி.

கரிக்கோல்:

மூவருக்கும் நன்றி. படி வளர்ச்சி, 4% டிராப், கையால் வைத்த 12 லெஜண்டரி, இடத்தில் ஏறும் மேம்பாடு என்று முடிவு செய்கிறேன். உடையும் ஆயுதம் வேண்டாம். ஒரே சந்தேகம்: டிராப் இவ்வளவு குறைந்தால், துரதிர்ஷ்டத்தால் ஒருவருக்குப் பத்து மணி நேரம் தலைக்கவசமே விழாமல் போகலாமே? இதைச் சோதிக்க ஆட்கள் குறைவு.

ஊசிமுனை:

பத்து மணி நேரம் என்பது மிக மிக அரிது, ஆனால் நான்கைந்து மணி நேரம் சிலருக்கு நடக்கும். ஆட்கள் தேவையில்லை, சிறிய ஸ்கிரிப்ட் போதும். ஒரு முழு ஆட்டம் என்பது 7,500 எதிரி. 4% பகடை, பிறகு இடம், பிறகு தரம். விழுந்தது அந்த இடத்தில் இருப்பதைவிட மேல் என்றால் மாற்று, நேரத்தைக் குறி. இதைப் பத்தாயிரம் முறை ஓட்டுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்த இடமாவது மாறாமல் கிடந்த மிக நீண்ட இடைவெளியை எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி, 95-ஆம் சதமானத்தில் (நூற்றில் 95 ஓட்டம் அதற்குள் அடங்கும் எல்லை) என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் பாதியில் அது நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் திருத்த வேண்டும்.

திருத்துவதும் எளிது. எட்டு இடத்துக்கும் எடை 10 என்று தொடங்குங்கள். ஒரு பொருள் விழும்போது, விழாத ஏழு இடத்தின் எடையும் 3 கூடும். விழுந்த இடம் மறுபடி 10. விழாத இடத்தின் எடை தானாக மேலே ஏறி, அது சீக்கிரம் விழும். ஒரே ஒரு எச்சரிக்கை: எடையைத் திருப்ப வேண்டியது “விழுந்தபோது”, “மாட்டியபோது” அல்ல. மாட்டும்போது திருப்பினால், பிடித்த தலைக்கவசத்தை விடாமல் அணிந்திருப்பவருக்கு வேறு எதுவும் விழாமல் தலைக்கவசமாகவே கொட்டும்.

நிழல்வாள்:

இதோட இன்னொண்ணு. ஒவ்வொரு பகுதியோட முதல் பெட்டியில என்ன இருக்கும்ங்கிறதை ரேண்டமா விடாதீங்க. அந்தப் பகுதிக்கான படியில இருக்கிற ஒரு ஆயுதம், ஆட்டக்காரர் இப்போ கையில வெச்சிருக்கிற அதே வகையில. வில் வெச்சிருந்தா வில், ஈட்டி வெச்சிருந்தா ஈட்டி. புதுப் பகுதிக்குள்ள நுழைஞ்ச பத்து நிமிஷத்துக்குள்ள அது கையில இருக்கணும். மீதியை ஸ்கிரிப்ட் பார்த்துக்கும்.